ரூட் கேனால் செய்துகொண்டேன்: சிகிச்சையைப் பற்றியும் செய்த இடத்தைப் பற்றியும்

கீழ்த்தாடையில் வலப்பக்கக் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கேனால் முடித்து, மேலே கேப்பும் போட்டாகிவிட்டது. ரூட் கேனால் என்றால் பல்லுக்குள் கெட்டுப்போன சதையை எடுத்து, வேருக்குள் ஓடும் கால்வாய்களைச் சுத்தம் செய்து அடைப்பது, கேப் என்றால் அந்தப் பல்லின்மேல் மாட்டுகிற உறை. அந்தப் பக்கம் இப்போது தயக்கமில்லாமல் மெல்ல முடிகிறது. ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன், அரை மதிப்பெண் ஏன் குறைந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். கிளினிக்கின் பெயரை எழுதவில்லை. எங்கே இருப்பவரும் தன் பல் டாக்டர் செய்வது சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள இது உதவ வேண்டும் என்பதுதான் நோக்கம், பெயரைப் போட்டால் அது ஒரே ஒரு கிளினிக்கைப் பற்றிய பேச்சாகச் சுருங்கிவிடும்.

பல் சிகிச்சை பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் வலி தெரிந்ததா, டாக்டர் அன்பாகப் பேசினாரா என்ற இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் மரத்துப்போகும் ஊசி நன்றாக வேலை செய்தால் அரைகுறையாகச் செய்த ரூட் கேனாலும் வலிக்காது, அதன் குறை வெளியே தெரிய மாதங்கள், சில சமயம் வருடங்கள்கூட ஆகும். உள்ளே நடக்கும் வேலையை நம்மால் பார்க்க முடியாது. நாற்காலியில் படுத்திருக்கும் நம் கண்ணில் படுகிற, நாம் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய சில விஷயங்களை வைத்துத்தான் இந்தச் சேவையை எடைபோட வேண்டும். நான் எடைபோட்டதும் அப்படித்தான்.

முதலில் போன இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது வேறு கிளினிக், அதற்கும் பெயர் வேண்டாம். இரவில் படுத்தால் தெறிக்கிற வலி, சூடாக எதைக் குடித்தாலும் அடங்க வெகுநேரம் ஆகிற வலி என்று சொன்னேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஆன்டிபயாடிக்கும் வலி மாத்திரையும் எழுதிக் கொடுத்து, குறையவில்லை என்றால் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை, பல்லைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. வலி குறைந்தது. அதுதான் இதில் இருக்கிற ஆபத்து.

பல்லின் வெளி ஓடு எனாமல், அதற்குள் டென்டின், அதற்கும் நடுவில் பல்ப் என்கிற மென்மையான சதை. ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுவது அந்தச் சதையில்தான். அங்கிருந்து மெல்லிய கால்வாய்களாக வேர் வழியே இறங்கி, நுனியில் இருக்கும் சின்னத் துளை வழியாகத் தாடை எலும்போடு சேர்கிறது. சொத்தை பல்ப் வரைக்கும் போனால் அது வீங்கும். உடம்பில் வேறு எங்கே வீங்கினாலும் வீக்கம் பரவ இடம் இருக்கும், பல்லுக்குள் சுற்றிலும் கடினமான சுவர், அதனால்தான் அந்த வலி அவ்வளவு கடுமையாக இருக்கிறது. வீக்கம் ஒரு கட்டத்தைத் தாண்டினால் பல்ப் மெல்லச் செத்துப்போகும். செத்த நரம்பு வலிக்காது. மாத்திரை சாப்பிட்டதும் சரியாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிற நேரத்தில் கிருமிகள் வேர் நுனியைத் தாண்டி எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். ஆன்டிபயாடிக் ரத்தத்தின் வழியாகத்தான் எங்கேயும் போக முடியும், செத்த பல்ப்புக்குள் ரத்த ஓட்டமே கிடையாது, அப்புறம் மருந்து எப்படி உள்ளே போகும்? காய்ச்சலோ பரவுகிற வீக்கமோ இல்லாத சாதாரணப் பல்வலியில், உடனே பல் சிகிச்சை கிடைக்கும் நிலையில், ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019ல் வழிகாட்டு நெறியாகவே வெளியிட்டிருக்கிறது. சோதிக்காமலே மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பும் இடத்துக்கு என்னிடம் மதிப்பெண் எதுவும் இல்லை.

இப்போது சிகிச்சை செய்துகொண்ட இடம். அங்கே முதல் நாள் பெரும்பகுதி சோதனையிலேயே போனது. குளிர்ந்த ஸ்ப்ரே அடித்த பஞ்சை முதலில் நன்றாக இருக்கும் பற்களில் வைத்து, அந்தக் கூச்சம் எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, பிறகுதான் சந்தேகப்பட்ட பல்லில் வைத்தார்கள். கருவியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார்கள். ஈறைச் சுற்றி ஆழம் அளந்தார்கள். பல்லில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னக் கட்டையைப் பல்லின் ஒவ்வொரு மேட்டிலும் தனித்தனியாக வைத்துக் கடிக்கச் சொன்னார்கள். இதெல்லாம் நேரத்தை இழுக்கிற வேலை இல்லை. கீழ்ப்பல்லில் வரும் வலி மேல்பல்லில் இருப்பதுபோலத் தோன்றும், காதில் குத்தும், நோயாளி விரல் வைத்துக் காட்டும் பல்லையே நம்பித் திறந்தால் நல்ல பல்லைத் துளைத்துவிட வாய்ப்பு இருக்கிறது. குளிர் பட்டதும் சுரீரென்று கூசி, எடுத்ததும் சில நொடிகளில் நின்றுவிட்டால் பல்ப் மீளக்கூடும், சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே போதும். எடுத்த பிறகும் வலி நீடித்தால், தானாகவே வலி கிளம்பினால், ரூட் கேனால் பக்கம் போக வேண்டியிருக்கும். சிலருக்கு பல்ப்பின் மேல்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு வேரில் இருப்பதை உயிரோடு காப்பாற்றும் சிகிச்சையும் இப்போது செய்கிறார்கள், உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள்.

எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கி, வேர் நுனியைச் சுற்றி இருந்த கறுப்பு நிழலைக் காட்டினார் டாக்டர். அந்த இடத்தில் எலும்பு கரைந்திருக்கிறது என்றார். பல்லை எடுத்துவிடுவதும் ஒரு வழி என்று அவரே சொல்லி, எடுத்தால் பக்கத்துப் பல் காலப்போக்கில் சாயலாம், எதிர்த்த பல் கீழே இறங்கலாம், அதனால் பிரிட்ஜோ (பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப்பல்) இம்ப்ளான்ட்டோ (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப்பல்) யோசிக்க வேண்டிவரும் என்பதையும் விளக்கினார். வேர் நீளவாக்கில் பிளந்திருந்தாலோ, கேப் பிடித்து நிற்க அளவுக்குப் பல் மிச்சம் இல்லாவிட்டாலோ தானே எடுக்கச் சொல்லியிருப்பேன் என்றும் சொன்னார். எதையும் விற்கிற தொனி அவரிடம் இல்லை. இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டு முடிவை என்னிடம் விட்டது எனக்கு மிகவும் பிடித்தது.

சரி, வலி. எல்லோரும் கேட்பது இதைத்தான். ஊசி போடும்போது ஒரு சுருக்கு, அப்புறம் உதடும் நாக்கின் பாதியும் கனத்துப்போகும். என் பல்லில் ஒரு வேரில் பல்ப் செத்திருந்தது, இன்னொரு வேரில் இன்னும் உயிர் இருந்தது. கடைவாய்ப்பற்களில் இப்படி நடப்பது உண்டு. அந்த உயிருள்ள பக்கத்தைத் தொட்டபோது மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு தெறிப்பு. கையைத் தூக்கினேன், உடனே நிறுத்திவிட்டார். கடுமையாக வீங்கிய பல்ப் இருக்கும் கீழ்க்கடைவாய்ப்பல்லில் வழக்கமான ஊசி சில சமயம் முழுதாக வேலை செய்யாது, இது பல் டாக்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதற்காகவே பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் போடுகிற கூடுதல் ஊசிகள் இருக்கின்றன. போட்டார், சில நிமிடம் காத்திருந்தார், திரும்பக் குளிர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடர்ந்தார். அதற்கு மேல் வலி என்று எதுவும் இல்லை, அழுத்தமும் அதிர்வும் மட்டும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க, ஆயிடுச்சு என்று சொல்லிக்கொண்டே துளைத்துக்கொண்டு போகிறவரிடம் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது. கையைத் தூக்கினால் நிறுத்துவீர்களா என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.

நான் நாலரை கொடுப்பதற்கு மிகப் பெரிய காரணம் ரப்பர் டேம். ஒரு மெல்லிய ரப்பர் விரிப்பு, நடுவில் ஓட்டை, சிகிச்சை செய்யும் பல் மட்டும் அதன் வழியாக வெளியே நிற்கும். 1864ல் பார்னம் என்ற அமெரிக்கப் பல் டாக்டர் கொண்டுவந்தது, அவ்வளவு பழையது, இருந்தும் இன்றைக்கும் அதைப் போடாமலே ரூட் கேனால் செய்கிற இடங்கள் நிறைய உண்டு. எச்சிலில் லட்சக்கணக்கில் கிருமிகள் இருக்கின்றன. கிருமியை வெளியேற்றுவதற்காகவே திறந்து வைத்திருக்கும் பல்லுக்குள் எச்சில் வழிந்து போனால் அந்த வேலைக்கு என்ன அர்த்தம்? அது மட்டும் இல்லை, கால்வாயைச் சுரண்ட உள்ளே விடும் ஃபைல்கள் என்ற உலோகக் கம்பிகள் ஊசியைவிட மெல்லியவை, கை நழுவித் தொண்டைக்குள் போனால் அது பெரிய விபத்து. கழுவுகிற மருந்தும் தொண்டையில் இறங்கக் கூடாது. முகத்தில் அதை மாட்டியதும் முதலில் மூச்சு முட்டுவதுபோல இருக்கும், மூக்கு வழியாக நிதானமாக மூச்சு விட்டால் பழகிவிடும், சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் முன்கூட்டியே சொல்லி வேறு நாள் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் நேரம் வாங்கும்போதே ரப்பர் டேம் போடுவீர்களா என்று கேளுங்கள். தயங்காமல் ஆமாம் என்று வருகிற பதில் பாதி விமர்சனத்துக்குச் சமம்.

அடுத்தது நீளம் அளப்பது. வேரின் கால்வாய் எங்கே முடிகிறது என்று தெரியாமல் சுத்தம் செய்தால் நுனியில் கிருமி மிச்சமாகும், நுனியைத் தாண்டினால் எலும்பில் புண்ணாகும். ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895ல், அடுத்த வருடமே பல்லை எக்ஸ்ரே எடுத்துவிட்டார்கள், அதற்கு முன்பு கை உணர்வை நம்பித்தான் டாக்டர்கள் வேலை செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. இப்போது அபெக்ஸ் லொக்கேட்டர் என்ற சின்ன மின்கருவி இருக்கிறது. உதட்டில் ஒரு கொக்கி மாட்டுவார்கள், ஃபைல் வேர் நுனியை நெருங்க நெருங்க பீப் சத்தம் மாறும். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது, அதற்கு அப்புறம் எக்ஸ்ரேயும் எடுத்து உறுதி செய்தார்கள்.

எத்தனை கால்வாய் இருந்தது என்று கேட்டேன். கீழ்க்கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் மூன்று, சிலருக்கு நான்கு. மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் நான்காவது கால்வாய் ஒன்று மிகக் குறுகலாக ஒளிந்திருக்கும், அதைத் தேடாமல் விட்டு, பிறகு பல் மறுபடி சீழ் பிடிப்பது ரூட் கேனால் தோற்பதற்கு ஒரு முக்கியமான காரணம். பெரிதாக்கிக் காட்டும் லென்ஸோ மைக்ரோஸ்கோப்போ வைத்திருப்பவர்களிடம் இது தப்புவது குறைவு. என் டாக்டர் கண்ணாடியில் பொருத்திய லென்ஸ் போட்டிருந்தார்.

சுத்தம் செய்வதில் நாம் கேட்பது ஃபைல் சுழலும் சத்தம். ஆனால் வேலையின் கனம் கழுவுகிற திரவத்தில் இருக்கிறது. கால்வாய் நேரான குழாய் கிடையாது, வளைந்தும் தட்டையாகவும் கிளை பிரிந்தும் போகும், எவ்வளவு நல்ல ஃபைல் விட்டாலும் சுவரில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தொடப்படாமலே இருக்கும் என்று நுண் சிடி ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கழுத்து குறுகிய புட்டியில் எவ்வளவு பிரஷ் விட்டாலும் அடி மூலைக்குத் தண்ணீர்தானே போக வேண்டியிருக்கிறது, அதே கதை. இங்கே அந்தத் தண்ணீர் சோடியம் ஹைப்போகுளோரைட், நீச்சல் குளத்து வாடை அடிக்கும். மிச்சமிருக்கும் சதையைக் கரைக்கும், கிருமியைக் கொல்லும். கடைசியில் இடிடிஏ என்ற இன்னொரு திரவம், சுவரில் படிந்த துகள் படலத்தை எடுக்க. என் டாக்டர் இதில் அவசரமே படவில்லை. ஊற்றுவது, காத்திருப்பது, உறிஞ்சுவது, மறுபடி ஊற்றுவது என்று போய்க்கொண்டே இருந்தது, தாடை வலித்தது, கடித்துக்கொள்ள ஒரு ரப்பர் முட்டுக்கட்டை கொடுத்தார்கள். மின்னல் வேகத்தில் முடித்துவிட்டார் என்று சிலர் பாராட்டி எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. ஒரே கால்வாய் உள்ள முன்பல் சீக்கிரம் முடியலாம், வளைந்த வேர் உள்ள கடைவாய்ப்பல்லுக்குக் கழுவுகிற நேரம் வேண்டும்.

ஒரே சிட்டிங்கா பல சிட்டிங்கா என்பதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பலன் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்திருக்கிறது. எனக்குக் கால்வாயிலிருந்து கசிவு நிற்கவில்லை என்பதால் கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற மருந்தை வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்கள். காய்ந்தபின் நிரந்தரமாக நிரப்பினார்கள். நிரப்புவது குட்டா பெர்ச்சா, ஒரு வகை மரத்தின் பாலிலிருந்து வரும் பொருள், எக்ஸ்ரேயில் வெள்ளைக் கோடாகத் தெரியும்படி அதில் வேறு பொருள்களும் சேர்த்திருப்பார்கள். முடிந்ததும் எடுத்த எக்ஸ்ரேயை நீங்களே பாருங்கள். வெள்ளைக் கோடு வேர் நுனிக்கு மிக அருகில், சுமார் 2 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும், நடுவில் கறுப்பு இடைவெளி இருக்கக் கூடாது. குறைவாகத் தெரிந்தால் ஏன் என்று கேளுங்கள், வயதாகி அடைபட்ட கால்வாய் மாதிரி நியாயமான காரணமும் இருக்கலாம். ஃபைல் உள்ளே உடைவதும் எப்போதாவது நடக்கிறது, நல்ல டாக்டரிடமும் நடக்கும், அதனால் மட்டுமே பல் போய்விடாது, ஆனால் நடந்தால் நோயாளியிடம் சொல்லியாக வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் சில நாள் அந்தப் பல்லில் கடித்தால் வலித்தது, டாக்டர் சொன்ன வலி மாத்திரையில் அடங்கியது, போகப்போகக் குறைந்தது. குறையாமல் ஏறிக்கொண்டே போனால் போன் செய்யுங்கள். முகமோ கழுத்தோ வீங்கிப் பரவுவது, காய்ச்சல், வாயைத் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம், இவற்றில் எது வந்தாலும் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

அரை மதிப்பெண் குறைந்தது கேப்பில். முதல் நாள் சொன்ன தொகை ரூட் கேனாலுக்கு மட்டும், கேப்புக்குத் தனிக் கட்டணம் என்பதை நிரப்பி முடித்த பிறகுதான் சொன்னார்கள். தொகை நியாயமானதுதான், சொன்ன நேரம்தான் தவறு. பணம் இப்போது இல்லை, பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று ஒருவர் போய்விட்டால் செய்த வேலை எல்லாமே வீணாகிவிடக்கூடும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். நரம்பு எடுத்த பல் காய்ந்து போய் உடைகிறது என்று பலர் சொல்வார்கள். ஆனால் முக்கியமான காரணம் சொத்தையும் துளையும் சேர்ந்து பல்லின் நடுவைக் காலியாக்கியிருப்பது, அதன்மேல் மெல்லும் விசை விழுந்தால் பிளக்கிறது. 2002ல் வெளியான ஓர் ஆய்வில், ரூட் கேனால் செய்து கேப் போடாத பற்கள் கேப் போட்டவற்றைவிட 6 மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டிருந்தன. முன்பல்லில் அதிகம் சேதம் இல்லையென்றால் கேப் இல்லாமலும் சமாளிக்கலாம், கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் வேண்டும், தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் சுற்றவே கூடாது, அது கசிந்தால் கிருமி திரும்பவும் உள்ளே போகும். நான் போட்டது சிர்கோனியா என்ற பீங்கான் வகைக் கேப், பல் நிறத்தில் இருக்கிறது, கடிமட்டம் முதலில் கொஞ்சம் உயரமாக இருந்தது, சொன்னதும் தேய்த்துச் சரிசெய்தார்கள்.

இது எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து ரூட் கேனால் செய்த 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பற்களைப் பார்த்து 2004ல் வெளியிட்ட ஆய்வில், 8 வருடம் கழித்து 97 சதவீதம் வாயில் இருந்தன. வாயில் இருப்பது வேறு, வேர் நுனி முழுதாக ஆறுவது வேறு, அதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும். தோற்றாலும் மறுபடி திறந்து செய்வது, வேர் நுனியை அறுவை செய்து எடுப்பது என்று வழிகள் இருக்கின்றன. ரூட் கேனால் செய்த பல் உடம்பெங்கும் நோயைப் பரப்பும் என்று ஒரு செய்தி அவ்வப்போது சுற்றிவரும். வெஸ்டன் பிரைஸ் என்ற பல் டாக்டர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பிய கருத்து அது, அதை நம்பி எத்தனையோ பேரின் பற்களைப் பிடுங்கியிருக்கிறார்கள், பின்னால் வந்த கட்டுப்பாடான ஆய்வுகளில் அது நிற்கவில்லை. பயந்து போய் நல்ல பல்லை இழந்துவிடாதீர்கள்.

தொடக்கத்தில் எடுத்தது, நிரப்பி முடித்ததும் எடுத்தது, இரண்டு எக்ஸ்ரேயையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எதிர்காலத்தில் வேறு டாக்டர் பார்க்க நேர்ந்தால் ஒப்பிட அது வேண்டும். எனக்குக் கேட்டவுடன் அனுப்பிவிட்டார்கள். வேர் நுனியில் கரைந்த எலும்பு திரும்ப வளர மாதங்கள் ஆகும், சிலருக்கு 4 வருடம் வரைகூட ஆகலாம், அதனால் பல் வலிக்காவிட்டாலும் மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். என் முதல் மறுபரிசோதனை எக்ஸ்ரேயில் நிழல் சுருங்கியிருக்கிறது, முழுதாக மறையவில்லை. அடுத்தது எடுத்ததும் இதன் கீழேயே சேர்க்கிறேன், நிழல் பெரிதாகியிருந்தால் மதிப்பெண்ணையும் மாற்றுவேன்.